நோயறிதலும் குற்றமறிதலும்: மருத்துவர் எழுதிய ஆங்கிலத் திகில் புதினங்கள்

தமிழ்ப் புதின வரலாறு எழுதியோர் துப்பறியும் புதினங்களுக்கு ஒதுக்கிய பக்கங்கள் மிகச் சில. பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் கதைகள் 1894இல் வெளிவந்தன என்பதும், ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில மூலங்களைத் தழுவி ஏராளமாக எழுதினர் என்பதும் குறிக்கப்படும். பின்னர், இவை வணிக எழுத்து என்ற தீர்ப்போடு அடுத்த இயலுக்கு நகர்ந்துவிடுவதே பெருவழக்கு. தழுவப்பெற்ற அம்மூலங்கள் எத்தகைய அறிவுப் பின்புலத்தில் தோன்றின என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. எழுப்பினால், ஆங்கிலத் துப்பறியும் புனைகதையின் முதன்மையான ஊற்றுகளுள் ஒன்று மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு என்பது தெரியவரும். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர் மருத்துவர். ஆய்வுக்கூடத் துப்பறிவாளனை அறிமுகப்படுத்தியவரும் மருத்துவரே. நஞ்சுக் கொலைக் கதையைச் செம்மையாக்கியவர் மருத்துவமனை மருந்தகத்தில் பணிபுரிந்த பெண். மருத்துவமனையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் திகில் புதினத்தைத் தோற்றுவித்தோரும் மருத்துவப் பட்டம் பெற்றவர்களே.

தொழில் அனுபவம் புனைவுக்குள் 'தகவல்' என்ற அளவில் மட்டுமே நுழைகிறது என்பது பொதுவான கருத்து. பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதாவைப் பற்றிய திறனாய்வுகளிலும் இக்கருத்தின் சாயலைக் காணலாம். மருத்துவர் எழுதிய திகில் புதினங்களின் வரலாறு இக்கருத்துக்கு உடன்படவில்லை. அங்கே தொழிலறிவு முதலில் சிந்திக்கும் முறையாகவும், பின்னர் சான்றுப்பொருளாகவும், இறுதியில் ஓர் அமைப்பின் மீதான ஐயமாகவும் உருமாறிச் செல்கிறது. அந்த ஐயம் வாசகரை எங்கே கொண்டு சேர்த்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியாகும்.

எடின்பரோ: பிணவறையும் புறநோயாளிப் பிரிவும்

ஆர்தர் கானன் டாயில் 1876 முதல் 1881 வரை எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். அங்கு அறுவை மருத்துவராக விளங்கிய ஜோசப் பெல் (1837-1911) தம் புறநோயாளிப் பிரிவில் டாயிலை எழுத்தராக அமர்த்திக்கொண்டார். நோயாளிகளை வரிசைப்படுத்தி, குறிப்பெழுதி, ஒவ்வொருவராகப் பெல்லிடம் அனுப்புவது அவர் பணி. நோயாளி வாய் திறக்கும் முன்னரே அவருடைய தொழிலையும் ஊரையும் பெல் கூறிவிடுவார். 1924இல் வெளியான தன்வரலாற்றில் டாயில் இதற்கொரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். வந்தவர் அண்மையில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர், பார்படோஸ் தீவில் பணிபுரிந்தவர் என்று பெல் சொன்னார். காரணமும் விளக்கினார். மரியாதை தெரிந்த அம்மனிதர் தொப்பியைக் கழற்றவில்லை. படைவீரர்க்கு அவ்வழக்கமில்லை; நெடுநாள்களுக்கு முன் விலகியிருந்தால் குடிமக்களின் பழக்கம் வந்திருக்கும். அவருக்கு இருந்ததோ யானைக்கால் நோய். அது பிரிட்டனின் நோயன்று, மேற்கிந்தியத் தீவுகளில் வருவது. தஞ்சைப் பகுதியில் அந்நாளில் எவரையும் வியப்பில் ஆழ்த்தாத ஒரு கால்வீக்கம், எடின்பரோவில் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றையே சொல்லும் தடயமாகிவிடுகிறது. தடயம் என்பது பொருளில் மட்டும் இல்லை. அது எங்கே, எவரிடம் காணப்படுகிறது என்பதில் உள்ளது என்னும் இந்நுட்பமே ஹோம்ஸ் கதைகளின் அடிப்படை. 1892இல் நூலாக வந்த முதல் ஹோம்ஸ் சிறுகதைத் தொகுப்பு பெல்லுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

பெல்லின் பங்கு பலராலும் எடுத்துரைக்கப்பட்டதாகும். அவ்வளவாகப் பேசப்படாதவர் ராபர்ட் கிறிஸ்டிசன். நஞ்சுகள் குறித்து 1829இல் பெருநூல் எழுதிய இவர், எடின்பரோவில் 1877 வரை மருந்தியல் பேராசிரியராக இருந்தார். நஞ்சு எவ்வாறு செயல்படுகிறது என்பதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர். 1828இல் அந்நகரில் பர்க், ஹேர் என்னும் இருவர் 16 பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறு ஆசிரியர் ராபர்ட் நாக்ஸ் என்பவருக்கு விற்ற வழக்கில், காயங்கள் இறப்புக்கு முன் ஏற்பட்டனவா பின் ஏற்பட்டனவா என்பதை அறியப் பிணங்களை அடித்துப் பார்த்தவரும் இவரே. 1887இல் வெளிவந்த முதல் ஹோம்ஸ் புதினமான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நூலில், ஹோம்ஸ் மேடையில் வரும் முன்பே, பிணவறையில் உடல்களைத் தடியால் அடித்துச் சோதிப்பவன் என்று வாட்சனிடம் அவன் அறிமுகப்படுத்தப்படுகிறான். எடின்பரோவில் பயின்ற மாணவன் ஒருவனுக்கே இயல்பாக எழுந்திருக்கக்கூடிய காட்சி இது. டாயிலும் தம் ஆசிரியர் தலைமுறையைப் பின்பற்றினார். நரம்பு வலிக்கு அந்நாளில் தரப்பட்ட ஜெல்சீமியம் என்னும் மருந்தை நாள்தோறும் அளவு கூட்டி உட்கொண்டு, தலைவலியும் பேதியும் தாங்காமல் நிறுத்தி, அதனை 1879 செப்டம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்குக் கடிதமாக எழுதினார். அப்போது அவருக்கு வயது 20.

பர்க்-ஹேர் வழக்கு இவ்வரலாற்றில் மீண்டும் வரும் என்பதால் அதன் விளைவையும் இங்கே குறிப்பது தகும். மருத்துவக் கல்விக்குப் பிணங்கள் தேவைப்பட்டன, சட்டப்படி கிடைத்தவை போதவில்லை, கொலை வணிகமாயிற்று. 1832இல் பிரிட்டன் இயற்றிய உடற்கூறுச் சட்டம், உரிமை கோருவோர் இல்லாத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு வழங்க வழிசெய்தது. நடைமுறையில் அவை ஏழையர் விடுதிகளில் இறந்தோரின் உடல்களாக இருந்தன. கொலை நின்றது. உடல்கள் வந்த திசை பெரிதும் மாறவில்லை.

மருத்துவனே குற்றவாளியாகும் அச்சம் டாயிலிடத்தில் தெளிவாகவே உள்ளது. 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' (1892) கதையின் கொலையாளி, கல்கத்தாவில் மருத்துவம் பார்த்துத் திரும்பியவன். அறிவும் மனத்திண்மையும் ஒருங்கே உடைய மருத்துவன் வழிதவறினால் அவனை விஞ்சும் குற்றவாளி இல்லை என்னும் கருத்தை ஹோம்ஸ் அக்கதையில் கூறுகிறான். தூக்கிலிடப்பட்ட பாமர் (1856), பிரிட்சர்ட் (1865) என்னும் உண்மையான நச்சுக் கொலை மருத்துவர் இருவரையும் பெயர் சுட்டுகிறான். ஆயினும் அக்கதையின் பாம்பு பால் குடிக்கிறது, சீழ்க்கைக்குக் கட்டுப்படுகிறது, கயிற்றில் ஏறி இறங்குகிறது. புற்றுக்குப் பால் வார்க்கும் நாட்டு வாசகர்க்கு இதில் குறையொன்றும் தோன்றாமல் இருந்திருக்கலாம். மருத்துவப் பயிற்சி பெற்றவரின் புனைவும் தம் துறைக்கு வெளியே சென்றதும் கட்டுக்கதையின் கையைப் பற்றிக்கொள்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

டாயிலின் மருத்துவ அனுபவம் உண்மையில் கூர்மையாக வெளிப்படுவது ஹோம்ஸ் கதைகளில் அன்று, 1894இல் வந்த 'ரவுண்ட் தி ரெட் லாம்ப்' தொகுப்பில்தான் என்று கருத இடமுண்டு. சிவப்பு விளக்கு என்பது அந்நாளைய இங்கிலாந்தில் மருத்துவர் வீட்டு வாயிலின் அடையாளம். இத்தொகுப்பில் இடம்பெற்ற 'லேடி சானக்ஸ்' கதையில், புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் முகம் மூடிய பெண்ணொருத்தியின் உதட்டை நஞ்சேறிய காயம் என நம்பி அறுத்தெடுக்கிறார். அவள் அவருடைய காதலி. துருக்கி வணிகனாக வேடமிட்டு அவரை அழைத்துவந்தவன் அவளுடைய கணவன். கத்தியின் மீது மருத்துவருக்குள்ள நம்பிக்கையும், நோயாளியின் முகத்தைப் பாராமல் உறுப்பை மட்டும் பார்க்கும் தொழிற்பழக்கமுமே இங்குக் குற்றத்தின் கருவிகள். துப்பறிவாளன் இல்லை, நீதியும் இல்லை. பின்னாளைய மருத்துவத் திகில் புதினத்தின் வித்து இதில் கிடக்கிறது. ஹோம்ஸின் ஒளியில் இத்தொகுப்பு மறைந்துபோனது வாசிப்பு வரலாற்றின் இழப்பே.

கைரேகையும் கல்கத்தாவும்

ரிச்சர்டு ஆஸ்டின் ஃபிரீமன் (1862-1943) லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பயின்று, 1887இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் குடியேற்றத்திற்கு உதவி மருத்துவராகச் சென்றார். கருநீர்க் காய்ச்சலால் உடல்நலம் கெட்டு 1891இல் திரும்பினார். நிலையான மருத்துவத் தொழில் நடத்த இயலாத நிலையே அவரை எழுத்துக்குத் தள்ளியது. அவர் படைத்த தார்ன்டைக் மருத்துவரும் வழக்கறிஞருமானவர். நுண்ணோக்கியும் வேதிப்பொருள்களும் அடங்கிய சிறு பெட்டியைக் கையோடு கொண்டு செல்பவர். கதையில் வரும் சோதனைகளை ஃபிரீமன் தம் இல்லத்தில் செய்து பார்த்த பின்னரே எழுதினார். ஹோம்ஸ் ஊகிக்கும் இடத்தில் தார்ன்டைக் அளக்கிறார்.

தார்ன்டைக் தோன்றிய முதற்புதினமான 'தி ரெட் தம்ப் மார்க்' (1907), போலிக் கைரேகையை மையமாகக் கொண்டது. இதன் காலப் பின்னணி இந்திய வாசகர்க்கு நெருக்கமானது. வங்காளத்தில் ஆங்கில அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் 1858இல் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கினார். கல்கத்தாவில் 1897இல் கைரேகைப் பிரிவு நிறுவப்பட்டது. அங்கே அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்திய அலுவலர்கள் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டனர். அம்முறை மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கலாயிற்று. 1901இல் ஸ்காட்லாந்து யார்டு அதனை ஏற்றது. 1905இல் பிரிட்டனில் முதன்முறையாகக் கைரேகைச் சான்றால் கொலைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஈராண்டு கழிந்ததும், அச்சான்றைப் போலியாகச் செய்ய இயலும் என்று ஒரு மருத்துவர் புதினம் எழுதுகிறார். புதிய அறிவியற் சான்றைக் கண்டு நீதிமன்றம் மயங்கிய வேளையில், சோதனை முடிவும் பிழைபடும் என்பதைத் தொழிலால் அறிந்தவரின் எச்சரிக்கையாக இதனைக் கொள்ளலாம்.

ஃபிரீமனைப் பாராட்டி நிறுத்திவிடுதல் பொருந்தாது. 1921இல் அவர் எழுதிய சமூகச் சிதைவு பற்றிய நூல், தகுதியற்றோர் எனத் தாம் கருதியவரைத் தனியே ஒதுக்க வேண்டும் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரிப்பது. பொருளை அளந்து பார்க்கும் கண் மனிதரையும் அளந்து தள்ளத் தொடங்கிய கேடு அது.

மருந்தகத்திலிருந்து ஒரு நஞ்சு

முதல் உலகப்போரில் டார்க்கி நகரத்து மருத்துவமனையில் தொண்டுச் செவிலியாகச் சேர்ந்த அகதா கிறிஸ்டி, பின்னர் அதன் மருந்தகத்துக்கு மாற்றப்பட்டு, 1917இல் மருந்தாளுநர் தேர்வில் தேறினார். நோயாளிகள் குறைந்த பொழுதுகளில் நஞ்சுகள் அடுக்கிய அலமாரிகளுக்கிடையே அமர்ந்திருந்தபோது துப்பறியும் கதை எழுதும் எண்ணம் தோன்றியதாக அவரே குறிப்பிட்டுள்ளார். 1920இல் வெளிவந்த 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' புதினத்தின் கொலை, மருந்தகத்தில் நின்றவர்க்கே தெரிந்த வேதியியல் நுட்பத்தால் அமைந்தது. ஸ்ட்ரிக்னின் கலந்த சத்து மருந்தில் புரோமைடு தூளைச் சேர்த்தால், ஸ்ட்ரிக்னின் கரைசலிலிருந்து பிரிந்து புட்டியின் அடியில் படியும். நாள்தோறும் குடித்த மருந்து தீங்கு செய்யாது. கடைசி வேளை மருந்து கொல்லும். கொலையாளி அருகில் இருக்க வேண்டியதில்லை. மருந்தியல் இதழ் ஒன்று இப்புதினத்தைப் பாராட்டி மதிப்புரை எழுதியதைக் கிறிஸ்டி தமக்குக் கிடைத்த பெருமைகளுள் ஒன்றாகப் போற்றினார்.

கிறிஸ்டியின் தன்வரலாறு (1977) தரும் மற்றொரு செய்தி மேலும் ஆழமானது. பயிற்சிக் காலத்தில் அவருக்குக் கற்பித்த மருந்தாளுநர் ஒருவர், அம்பு முனையில் தடவும் குராரே என்னும் நஞ்சின் சிறு துண்டைச் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருந்தார். அது தமக்கு வலிமை தருவதாக அவர் கூறினார். பார்வைக்கு எளிய, பணிவான மனிதர். இந்த நினைவு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் 'தி பேல் ஹார்ஸ்' (1961) புதினத்தில் பயன்பட்டது. மருத்துவத் தொழில் எழுத்தாளர்க்குத் தருவது நஞ்சுப் பட்டியலை மட்டுமன்று. நஞ்சைக் கையில் வைத்திருப்பவரின் மனத்தையும் தருகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

அப்புதினத்தின் நஞ்சு தாலியம். முடி உதிர்தல் அதன் முதன்மை அறிகுறி. 1972இல் கிரஹாம் யங் என்பவன் தாலியத்தால் உடன் பணிபுரிந்தோரைக் கொன்ற குற்றத்துக்குத் தண்டனை பெற்றபோது, கிறிஸ்டியின் நூலே வழிகாட்டியாயிற்றோ எனச் செய்தித்தாள்கள் ஐயம் எழுப்பின. 1977இல் இதற்கு மறுதலையான நிகழ்ச்சி நடந்தது. கத்தார் நாட்டிலிருந்து லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 19 மாதக் குழந்தையின் நோய் என்னவென்று மருத்துவர்களுக்குப் புலப்படவில்லை. அப்போது 'தி பேல் ஹார்ஸ்' படித்துக்கொண்டிருந்த செவிலி ஒருவர், இது தாலியமாக இருக்கலாம் என்றார். சோதனை அதனை உறுதிப்படுத்தியது. குழந்தை பிழைத்தது. கிறிஸ்டி முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். மருத்துவமனையில் பெற்ற அறிவு, புனைவின் வழியாக 60 ஆண்டு கழித்து மருத்துவமனைக்கே திரும்பி வந்தது.

இவருக்குப் பின் பிரிட்டனில் இம்மரபு அமைதியாகத் தொடர்ந்தது. மருத்துவரான ஜோசபின் பெல் 1937இல் 'மர்டர் இன் ஹாஸ்பிடல்' எழுதினார். தேசிய நலவாழ்வுப் பணியில் நிர்வாக அலுவலராக 1949 முதல் 1968 வரை இருந்த பி.டி. ஜேம்ஸ், உளநோய் மருத்துவ நிலையத்தையும் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும் தம் புதினங்களின் களமாக்கினார். இவற்றில் மருத்துவமனை கொலை நடக்கும் இடம். கொலைக்குக் காரணம் தனிமனிதப் பகை. கட்டடம் குற்றமற்றது.

பாஸ்டன்: கட்டடமே குற்றவாளி

அமெரிக்காவில்தான் அந்நிலை மாறியது. மைக்கேல் கிரைட்டன் (1942-2008) ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் படித்தபோதே கல்விச் செலவுக்காகப் புனைபெயர்களில் திகில் கதைகள் எழுதினார். ஆறடி ஒன்பது அங்குல உயரமுடைய அவர் தேர்ந்த பெயர்களில் ஒன்று லாங்கே; ஜெர்மன் மொழியில் நெடிய என்னும் பொருள்படுவது. மற்றொன்று ஜெஃப்ரி ஹட்சன்; 17ஆம் நூற்றாண்டு ஆங்கில அரசவையில் இருந்த குள்ளரின் பெயர். இந்தக் குறும்புப் பெயரில் 1968இல் வந்த 'எ கேஸ் ஆஃப் நீட்' புதினம் குறும்பானதன்று. கருக்கலைப்பு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் குற்றமாக இருந்த காலம் அது. பாஸ்டனின் செல்வாக்கு மிக்க மருத்துவர் ஒருவரின் மகள் கருக்கலைப்பால் இறக்கிறாள். சீன மரபினரான மகப்பேறு மருத்துவர் ஆர்ட் லீ கைது செய்யப்படுகிறார். நோயியல் மருத்துவரான நண்பர் பெர்ரி உண்மையைத் தேடுகிறார். நகரத்து மருத்துவர் பலரும் அறிந்து, எவரும் பேசாத ஒரு நடைமுறையே கதையின் மையம். புதினத்தின் இறுதியில் கருக்கலைப்புக்கு ஆதரவும் எதிர்ப்புமான வாதங்கள் உட்படப் பின்னிணைப்புகள் பல உள்ளன. திகில் புதினத்துக்குப் பின்னிணைப்பு என்பது ஆய்வேட்டின் உறுப்பு புனைவுக்குள் வந்தமர்ந்ததைக் காட்டுவதாகும். 1969இல் இந்நூல் சிறந்த புதினத்துக்கான எட்கர் விருதைப் பெற்றது. 1973இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்றபின் பழங்கதையாகத் தோன்றிய இப்புதினம், அத்தீர்ப்பு 2022இல் நீக்கப்பட்டபின் மீண்டும் பொருளுடையதாகியுள்ளது.

1969இல் பட்டம் பெற்ற கிரைட்டன் மருத்துவத் தொழிலில் ஈடுபடவில்லை. 1970இல் 'ஃபைவ் பேஷண்ட்ஸ்' என்னும் புனைவல்லாத நூலில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஐந்து நோயாளிகளைக் கொண்டு, மருத்துவச் செலவு ஏன் உயர்கிறது, தொழில்நுட்பம் நோயாளியை எங்கே கொண்டு வைக்கிறது என்று ஆராய்ந்தார். மருத்துவமனையைத் தனிமனிதர் கூட்டமாகக் காணாமல் இயந்திரம்போல் காணும் பார்வை இந்நூலில் உருப்பெற்றது.

அப்பார்வையை முழுத் திகிலாக மாற்றியவர் ராபின் குக். 1940இல் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1966இல் மருத்துவப் பட்டம் பெற்று, ஹொனலூலுவில் அறுவைப் பயிற்சி முடித்து, கடற்படை நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றியபோது 'இயர் ஆஃப் தி இன்டர்ன்' (1972) எழுதினார். பயிற்சி மருத்துவனின் உறக்கமின்மையையும் அதனால் நேரும் பிழைகளையும் நேர்மையாகச் சொன்ன அந்நூல் பெரிதாக விற்கவில்லை. அதன்பின் அவர் செய்தது தொழில்முறை ஆய்வாளரின் செயல். பெருவிற்பனையான திகில் புதினங்களைத் திரட்டிப் படித்து, வாசகரை எந்த உத்தி எப்படி இழுக்கிறது எனக் குறிப்பட்டைகளில் எழுதிவைத்தார். அதன் விளைவு 'கோமா' (1977). முந்தைய நூலில் உண்மை இருந்தது; வாசகர் இல்லை. இந்நூலில் வாசகர் வந்தனர். உண்மைக்கு என்ன நேர்ந்தது என்பதே கேள்வி.

பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் சிறு அறுவைக்கு வந்த உடல்நலமுள்ள இளையோர் மயக்கத்திலிருந்து மீளாமல் கிடக்கின்றனர். மருத்துவ மாணவி சூசன் வீலர், அனைவரும் எட்டாம் எண் அறுவை அரங்கில் சிகிச்சை பெற்றவர்கள் என்பதைக் கண்டறிகிறாள். அவ்வரங்கின் ஆக்சிஜன் குழாயில் கார்பன் மோனாக்சைடு செலுத்தப்படுகிறது. மூளை இறக்கிறது, உறுப்புகள் வேறு நிறுவனத்தில் உயிரோடு காக்கப்பட்டு விற்கப்படுகின்றன. வாயுத் தேர்வில் தொழிலறிவு பளிச்சிடுகிறது. கார்பன் மோனாக்சைடு குருதியின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணையும். அப்போதும் குருதி செந்நிறமாகவே இருக்கும். மூச்சுத்திணறலில் உடல் நீலமாவதைப் பார்த்தே ஆபத்தை உணர்ந்த அக்கால மயக்க மருத்துவரை அச்சிவப்பு ஏமாற்றிவிடும். மயக்க நிலையில் நோயாளியை இடையறாது கண்காணிப்பதற்கான நெறிமுறைகளை அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் வகுத்தது 1986இல்தான். ஆகவே குக் சுட்டிய பலவீனம் கற்பனையன்று. 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் குழாயும் நைட்ரஸ் ஆக்சைடு குழாயும் மாற்றி இணைக்கப்பட்டதால் நோயாளிகள் இறந்தனர். அங்குக் குற்றமனம் இல்லை, கவனக்குறைவே இருந்தது. குக் அக்குழாயில் குற்றமனத்தைச் செலுத்தினார்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. 1967 டிசம்பரில் கிறிஸ்டியன் பர்னார்டு முதல் இதயமாற்று அறுவையைச் செய்தார். 1968இல் ஹார்வர்டு குழு மூளைச்சாவுக்கு இலக்கணம் வகுத்தது. இறப்பின் பொருளே மாறிக்கொண்டிருந்த பத்தாண்டு அது. இதயம் துடிக்கும் உடலை இறந்ததெனக் கூறும் அதிகாரம் எவருக்கு என்னும் பொதுமக்களின் திகைப்புக்கு 'கோமா' உருவம் கொடுத்தது. நூலின் பின்னுரையில், தன் உறுப்பை விற்க ஒருவர் 1968இல் கலிபோர்னியச் செய்தித்தாளில் தந்த விளம்பரத்தைக் குக் எடுத்துக்காட்டுகிறார். 1978இல் இப்புதினத்தைத் திரைப்படமாக இயக்கியவர் கிரைட்டன். கம்பிகளில் தொங்கும் உடல்களின் காட்சி நூலைவிடப் பரவலாக மக்கள் நினைவில் தங்கியது.

அச்சத்தின் விலை

மருத்துவரே எழுதினார் என்பது வாசகர்க்குச் சான்றுறுதியாக அமைந்துவிடுகிறது. நூலட்டையில் உள்ள பட்டம் கதையின் பொய்க்கும் முத்திரை குத்துகிறது. உறுப்பு மாற்றுத் துறையினர் 'கோமா'வைக் கண்டு கவலை கொண்டதற்குக் காரணம் இதுவே. அக்கவலை மிகையன்று என்பதைப் பிரிட்டனின் அனுபவம் காட்டும். 1980இல் பிபிசி தொலைக்காட்சி, மூளைச்சாவு உறுதிப்பாட்டை ஐயுற்று ஒளிபரப்பிய ஒரேயொரு நிகழ்ச்சியை அடுத்து அந்நாட்டில் உறுப்புக்கொடை சரிந்தது. 1996இல் மருத்துவர் டெஸ் கெரிட்சன் எழுதிய 'ஹார்வெஸ்ட்' புதினம், ரஷ்யாவின் ஆதரவற்ற சிறார் உறுப்புகளுக்காகக் கடத்தப்படுவதாகக் கதை சொன்னது. அந்நாட்டில் பயணம் செய்த முன்னாள் காவலர் ஒருவர் கூறிய செய்தியே அதற்குத் தூண்டுகோல் என்று அவர் தெரிவித்துள்ளார். சிறார் உறுப்புக் கடத்தல் பற்றிய செய்திகள் ஆதாரமற்ற வதந்தி என அமெரிக்க அரசின் தகவல் நிறுவனம் 1994இலேயே அறிக்கை அளித்திருந்தது. புதினம் வென்றது, அறிக்கையைப் படித்தவர் சிலரே.

எனினும் இப்புதினங்களின் ஐயத்தை முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது. உடலுறுப்புக்குச் சந்தை உருவாகும் என்ற அவற்றின் கணிப்பு பொய்க்கவில்லை. பிழைத்தது அச்சந்தை இயங்கும் முறை பற்றிய கற்பனையே. இந்தியாவில் 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டதற்குக் காரணம் மயக்கத்தில் திருடப்பட்ட உறுப்புகள் அல்ல, விலைக்கு விற்கப்பட்ட சிறுநீரகங்கள். சென்னையின் வில்லிவாக்கம் 'கிட்னிவாக்கம்' என்றே அழைக்கப்பட்டது. 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வொன்று, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் கண்டு விவரம் திரட்டியது. அவர்களுள் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பின்னரும் பெரும்பாலோர் கடனிலேயே இருந்தனர், குடும்ப வருமானம் குறைந்திருந்தது, உடல்நலமும் குன்றியிருந்தது. எட்டாம் எண் அரங்கு இல்லை. கார்பன் மோனாக்சைடு இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமோ கைரேகையோ இருந்தது.

1832க்குப் பின் ஏழையர் விடுதியிலிருந்து உடற்கூறு மேசைக்குச் சென்ற உடல்களோடு ஒப்பிடத்தக்கது இந்நிலை. மருத்துவர் எழுதிய திகில் புதினம் இந்த இடத்துக்குள் இதுவரை அரிதாகவே நுழைந்துள்ளது. கொலையாளியின் பெயரைக் கடைசி இயலில் வெளிப்படுத்த வேண்டிய வடிவத்துக்கு வட்டிக்கடனைக் குற்றவாளியாக்குவது எளிதன்று. தமிழில் இதற்கு அருகில் வரக்கூடியவராக நினைக்கத்தக்கவர் 'லக்ஷ்மி' என்னும் புனைபெயருடைய மருத்துவர் திரிபுரசுந்தரி (1921-1987). சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, கல்விச் செலவுக்காக ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியவர் அவர். கிரைட்டனும் அதே காரணத்துக்காகவே எழுதினார் என்பது நோக்கத்தக்கது. ஒருவர் நோயியல் கூடத்தையும் மற்றவர் குடும்பத்தையும் களமாகத் தேர்ந்தனர். லக்ஷ்மியின் புதினங்களில் வரும் கடன், வரதட்சணை, பெண்ணுடல், நோய் ஆகியவற்றை ஒரு மருத்துவரின் பதிவுகளாக மீண்டும் படித்துப் பார்க்கும் பணி இன்னும் செய்யப்பட வேண்டியுள்ளது.